காது பார்க்கிற வியாழன்

இதில் வருகிற நெட்டைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். ஒருவருடைய பெயரும் வரக்கூடாது. தன்னை வடிவாக எழுதவேண்டும். முதலாவது எனக்குச் சுலபம், என் தொழிலே பெயர் சொல்லாத தொழில். இரண்டாவதற்கு நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அவள் வடிவுதான்.

நான் நேர்ஸ். யாழ்ப்பாணத்தில் பிறந்து, எண்பதுகளில் சிட்னிக்கு வந்து, படித்ததையே இங்கே இன்னொரு முறை படித்து, தொண்ணூறுகளின் கடைசியில் பாலியல் சுகாதாரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு பென்டில் ஹில்லில், எங்கள் ஆட்களுக்கு நடுவில். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கொமியூனிற்றி நேர்ஸ்" என்பார் என் கணவர். நானும் அதையே சொல்லுவேன். இன்னும் தோண்டினால் "பெண்களின் சுகாதாரம்" என்று சொல்லி, கேட்டவரின் தட்டில் இரண்டு வடையை வைத்துப் பேச்சை மாற்றிவிடுவோம். பாலுறவால் வருகிற தொற்றுகளைப் பரிசோதிப்பதுதான் என் வேலை என்று கோயில் மண்டபத்தில் சொன்னால், அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குப் பக்கத்தில் யார் வந்து நிற்பார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு என்னை வேறொரு விதத்தில் நன்றாகத் தெரியும். நான்தான் காது குத்துகிற அன்ரி. சிட்னியில் ஆசாரியைத் தேடி எங்கே போவது? நேர்ஸ் என்றால் கை நடுங்காது, சுத்தமாகச் செய்வாள் என்று யாரோ ஒருத்தி தன் பிள்ளையைக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. உறையில் அடைத்து வருகிற தோடு, ஒருமுறை மட்டும் பாவிக்கிற ஊசி, 'கிளிக்' என்று ஒரு சத்தம், பிள்ளை வாயைத் திறக்கும் முன்னர் அதற்குள் ஒரு இனிப்பு. பாதி மேற்குச் சிட்னித் தமிழ்ப் பெண்களின் காதில் இருப்பது என் கைவேலை.

வேலையில் எனக்குக் கிடைத்த இடம் மவுண்ட் ட்ரூயிட் பக்கத்தில் ஓர் இளைஞர் மண்டபம். வியாழக்கிழமை பின்னேரங்களில் அதன் பின்னறை எங்கள் கிளினிக். பதினெட்டைத் தாண்டிய பூர்வகுடிப் பெண்களுக்காகத் தொடங்கியது. என்னோடு வேலை செய்தவள் அந்த ஊரிலேயே வளர்ந்த பூர்வகுடிப் பெண், சுகாதாரப் பணியாளர். என் வயதுதான். பெரிய சிரிப்பு, சின்னப் பொறுமை. எனக்கும் பொறுமை அவ்வளவுதான் என்றபடியால் முதல் வாரத்திலேயே சண்டை பிடித்தோம், இரண்டாம் வாரத்தில் சிநேகிதம் ஆகிவிட்டோம். அவள் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படித்தான் எழுதமுடியும். அவள் என்னை "சிஸ்" என்பாள். பிள்ளைகளுக்கு நாங்கள் இருவரும் "அன்ரி". தமிழர் வீடுகளுக்கு வெளியே, கேட்காமலே என்னை அன்ரி ஆக்கிய ஒரே இடம் அதுதான். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போனேன்.

ஆனால் கிளினிக்தான் நடந்தபாடில்லை. தங்கள் பெண் ஒருத்தி வாசலில் இருந்தால் பிள்ளைகள் தாமாக வருவார்கள் என்று மேலிடம் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள். பிள்ளைகள் வந்தார்கள், சான்ட்விச் சாப்பிட்டார்கள், மேசைப்பந்து விளையாடினார்கள், கதவைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவள் சித்தி அல்லது மாமி. உள்ளே போகிறவள் எதற்குப் போகிறாள் என்று மண்டபம் முழுக்கத் தெரியும், வாசலில் இருக்கிற சித்திக்கும் தெரியும். இதை அவள் எனக்கு விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானே இப்படி ஒரு விஷயத்துக்குத் தமிழ் டொக்டரிடம் போகமாட்டேனே! அவருடைய மனைவி எனக்குப் பின்னால் இருந்து பஜனை பாடுகிறவள். இதைச் சொன்னதும் அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, இப்ப என்ன செய்யிறது என்று இரண்டு பேரும் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அந்தக் கதவை முதலில் திறந்துகொண்டு வந்தவள் நெட்டைப் பிள்ளை. பத்தொன்பது வயது. ரச் புட்போல் என்கிற பந்து விளையாட்டில் ரீமின் தலைவி. மண்டபத்தைத் தானே கட்டினதுபோல நடப்பாள். இடுப்பில் எப்போதும் அக்காவின் பிள்ளை ஒன்று தொங்கும். தனக்கு ஒரு நோயும் இல்லை என்றும், வெளியில் நிற்கிற பயந்தாங்கொள்ளிகளுக்கு வழிகாட்டத்தான் வந்தது என்றும் சொன்னாள். பெற்றால் ஒரு ரீமுக்குப் போதுமான பிள்ளைகள் பெறப்போவதாகச் சொல்லி, அதற்கு முன்பு எல்லாம் சரியாக இருக்கிறதா பார்க்கும்படி சிறுநீரைப் போத்தலில் எடுத்துத் தந்தாள். போகும்போது பிஸ்கற் பெட்டியையும் கொண்டு போய்விட்டாள்.

முடிவு வந்தது. கிளமிடியா. இதில் பெரிய பயம் இல்லை, மாத்திரையை ஒரே தடவையில் விழுங்கினால் மாறிவிடும். ஆனால் கவனிக்காமல் விட்டால் வலியும் இல்லாமல் அடையாளமும் இல்லாமல் உள்ளே கருக்குழாய்களை அடைத்துவிடக் கூடியது. பிறகு பிள்ளை தங்குவது பாடு. ஒரு ரீமுக்குப் பிள்ளை கேட்டவள் அவள். மாத்திரை என் அலுமாரியில், அவள் எங்கேயோ. தந்த போன் நம்பர் வெட்டுப்பட்டுவிட்டது.

சனிக்கிழமை ஷொப்பிங் சென்ரரில் மரக்கறிப் பக்கம் நிற்கிறேன். எதிரே அவள். பக்கத்தில் தாயும் இரண்டு பெரியம்மாக்களும். என்னைக் கண்டதும் நாடியைக் கொஞ்சம் உயர்த்திப் புருவத்தைத் தூக்கினாள். எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. வெளியில் கண்டால் அவர்கள் வாய் திறந்து வணக்கம் சொல்லும்வரை எங்களுக்கு அவர்களைத் தெரியாது. இவளை எப்படி உனக்குத் தெரியும் என்று தாய் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? நான் தாயைப் பார்த்தேன், பிறகு கைக்கு எட்டிய பூசணிக்காயைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்டவரோடு கதைக்காமல் போகத் தெரியாத ஊரில் வளர்ந்தவள் நான். கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது, அறைந்தவளும் நானே. ஆனாலும் விதி விதிதான்.

அடுத்த வியாழன் ஒரு பிள்ளையும் வரவில்லை. சான்ட்விச் காய்ந்தது. பின்னேரம் முழுக்க ஈ ஓட்டினோம். கடைசியில் என் சிநேகிதி வாயைத் திறந்தாள்.

"சிஸ், நீ அந்தப் பூசணிக்காயைச் சொந்தக்காரனைப் பாக்கிற மாதிரிப் பாத்தியாம். அவளைப் பாக்கேல்லையாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளின் அந்தரங்கத்தைக் காப்பாற்றத்தானே அப்படிச் செய்தேன், இதற்கும் பேச்சா என்று கொதித்தேன். அவள் என்னைக் கொதித்து முடிக்க விட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். கடைக்குப் போனால் காவல்காரன் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் நடக்கிறான். காசாளர்கள் அவர்களைத் தாண்டிப் பார்த்துப் பேசுகிறார்கள். எல்லாரும் செய்கிறதை அன்ரியும் செய்துவிட்டாள் என்றுதான் அவள் வீட்டில் போய் அழுதாளாம். என் பூசணிக்காயால் அந்தத் திமிர் நடைக்காரி அழுதிருக்கிறாள்.

உடனே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மாத்திரையைக் கொடுப்போம் என்று எழும்பினேன். திணைக்களத்தின் வெள்ளைக் கார் வெளியில் நின்றது. என் சிநேகிதி என் கையிலிருந்த கார்த் திறப்பைத் தன் கையால் மூடினாள். அந்த வீட்டு வாசலில் அரசாங்கக் கார் நிற்கக்கூடாது என்றாள். பூர்வகுடிப் பிள்ளைகளை அரசாங்கம் தாய்மாரிடமிருந்து பறித்த காலத்தில், நெட்டைப் பிள்ளையின் தாயின் தங்கச்சியைச் சின்ன வயதில் அப்படி ஒரு கார்தான் கொண்டுபோனது. பிறகு தாய் அவளைக் கண்டபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது. நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். ஒழுங்கை முனையில் ஆமி ஜீப் வந்து நின்றால் வீட்டுக்குள் பேச்சு நின்றுபோகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வெளியில் கண்டால் கதைக்கவும் முடியாது, கதைக்காமல் விடவும் முடியாது, பட்டப்பகலில் எல்லாருக்கும் முன்னால் அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரிவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றாள் அவள். பிறகு கேட்டாள்.

"உன்ர ஆக்களிட்ட நீ என்ன வேலை எண்டு சொல்லி வச்சிருக்கிறாய்?"

"நான் ஒண்டும் சொல்லுறதில்லை. அவையள் என்னைக் காது குத்திறவள் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கினம்."

அவள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையெல்லாம் ஊற்றுப்பட்டது. துடைக்கத் துணி எடுக்கப் போனவள் குசினி வாசலில் நின்று திரும்பினாள். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"அப்ப இஞ்சையும் அதையே செய்," என்றாள்.

எங்கள் மேலதிகாரி நல்ல மனுசி, ஆனால் விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்து நித்திரை கொள்கிறவள். காதுக்கும் எங்கள் பிரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிற சம்பந்தம்தான் என்றாள் என் சிநேகிதி. ஊசி, உறை, கழிவுப் பெட்டி எல்லாம் காட்டி, கண்டிப்பான நிபந்தனைகளோடு அனுமதி வாங்கினோம். அன்றிரவு என் கணவர், அரசாங்கத்துக்கே காது குத்திவிட்டு வந்திருக்கிறாய் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வியாழக்கிழமை மண்டபம் மாறிப்போனது. இலவசமாகத் தோடு என்று ஒரு வாய் சொன்னது, மற்ற வாய்கள் பரப்பின. இந்தமுறை ஊர் வாய் எங்கள் பக்கம். என் சிநேகிதி வாசலில் ஒரு பாட்டுப்பெட்டியை வைத்து ஒரு சட்டம் போட்டாள். உள்ளே போகிறவள் யாராக இருந்தாலும் இரண்டு பாட்டு முடியும்வரை வெளியே வரக்கூடாது. காது குத்தவா, பரிசோதனைக்கா, சும்மா புலம்பவா, அது கதவுக்கு உள்ளே. வெளியே எல்லாருக்கும் அதே இரண்டு பாட்டு. ஒரு தேவையும் இல்லாத பிள்ளைகள் உள்ளே வந்து என் கதிரையில் சுற்றிச் சுற்றி விளையாடின. ஒருத்தி தவறாமல் ஒவ்வொரு வாரமும் வந்து இரண்டு பாட்டுக்கும் நித்திரை கொண்டாள், வீட்டில் அவளுக்குத் தனியாகக் கட்டில் இல்லை. குத்திய காது ஆறிவிட்டதா என்று பார்க்கத் திரும்பவும் வரவேண்டும் அல்லவா? அதற்குள் பரிசோதனை முடிவும் வந்துவிடும். "வியாழக்கிழமை அன்ரியிட்டக் காது பாக்கப் போறன்" என்று எந்தப் பெரியம்மாவுக்கு முன்னாலும் சொல்லலாம். கடையில் என்னைக் கண்ட பிள்ளைகள் தோட்டைத் தொட்டுக் காட்டிக் கூப்பிட்டார்கள். நானும் வாய் நிறையக் கதைத்தேன். அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல?

நெட்டைப் பிள்ளை மட்டும் உள்ளே வரவில்லை. மண்டபத்தின் வெளிச்சுவரில் பந்தை அடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே எனக்கு ஒவ்வொரு அடியும் கேட்கும். மாத்திரை அலுமாரியில் இருந்தது. போய்க் கூப்பிடட்டா என்று நான் எழும்பும்போதெல்லாம் என் சிநேகிதி கண்ணால் இருத்தினாள். கூப்பிட்டால் எல்லாரும் ஏன் என்று பார்ப்பார்கள். அவளாக வரவேண்டும். நான் கண்ட கண்ட கடவுளையெல்லாம் கும்பிட்டேன், அவர்களில் ஒருவருக்கும் இந்த நோயின் பெயர் தெரிந்திருக்காது.

ஒரு வியாழன் பந்துச் சத்தம் நின்றது. பாட்டுப்பெட்டியில் புதுப் பாட்டு தொடங்கியது. அவள் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அண்டைக்கு என்னைத் தெரியாத மாதிரி நிண்டீங்கள்," என்றாள்.

"தெரிஞ்சபடியால்தான் பிள்ளை அப்பிடி நிண்டனான். அம்மா கேட்டால் நீ என்ன சொல்லுவாய் எண்டு பயம். வெளியில கதைக்கிறதோ இல்லையோ எண்டு நீதான் சொல்லவேணும், நான் இல்லை. அதை உனக்கு முதலே சொல்லியிருக்க வேணும்."

அவள் கதவிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப வணக்கத்துக்கு நான்தான் தலைவியோ?"

"ஓம். நீதான்."

அது அவளுக்குப் பிடித்துக்கொண்டது. தலைவி என்றால் எதற்கும் சம்மதிப்பாள். வந்து கதிரையில் இருந்தாள். முடிவைச் சொன்னேன். 'அப்ப பிள்ளைகள்?' என்று மட்டும் கேட்டாள். நேரத்தோடு பிடித்துவிட்டோம், இன்றைக்கே விழுங்கினால் இன்றைக்கே வைத்தியம் முடிந்தது, ஏழு நாளைக்கு உன் பெடியனோடு படுக்கக்கூடாது, அவனும் மாத்திரை எடுக்கவேண்டும், சில மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்றேன். மாத்திரையைக் கோர்டியல் சர்பத்தோடு விழுங்கினாள். இரண்டாம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரி, வந்ததுக்குக் காதையும் குத்துவோம் என்று சாதனத்தை எடுத்தேன். அவ்வளவுதான், கதிரையோடு பின்னால் போனாள். பந்தோடு ஓடி வருகிற ஆறு பேரைத் தடுக்கிறவளுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். கெஞ்சினாள். குத்தவே வேண்டாம் என்றேன். முடியை இரண்டு பக்கமும் இழுத்துக் காதை மூடிக்கொண்டு, தோடு போட்ட ராணி மாதிரி வெளியே போனாள்.

அடுத்த வாரம் அவனைக் கையில் பிடித்து இழுத்து வந்தாள். பெண்களின் கிளினிக்கில் ஒரு பெடியனுக்கு என்ன வேலை? மண்டபமே பார்த்தது. அவன் வந்த காரணத்தைக் காட்ட ஒரே வழிதான் இருந்தது. மாத்திரையும் விழுங்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இடது காதையும் நீட்டினான் பாவம். குத்திக்கொண்டு அவன் வெளியே வந்ததும் என் சிநேகிதி கைதட்டினாள், எல்லாரும் தட்டினார்கள். அவன் சிவந்துபோய்ச் சிரித்தான். நெட்டைப் பிள்ளைதான் எல்லாரிலும் சத்தமாகத் தட்டினாள்.

சில மாதம் கழித்துத் திரும்பச் செய்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அன்று மண்டபம் நிறையப் பேர். அவள் மேசைப்பந்து மட்டையோடு நின்று என்னையே பார்த்தாள். கிட்டப் போகும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்றே, "உன்ர காது வடிவாய் ஆறிட்டுது பிள்ளை, இனி ஒரு பயமும் இல்லை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். மட்டையை எறிந்துவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். ஒரு காது ஆறியதற்கு இவ்வளவு கூத்தா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிளினிக் வருடக்கணக்காக நடந்தது. பிறகு எனக்கு வேறு இடத்துக்கு மாற்றம் வந்தது. அந்தப் பக்கம் போவது குறைந்தது.

இரண்டாயிரத்து எட்டிலோ என்னவோ, கெல்லிவில்லில் இருக்கிற ஒரு சிநேகிதியோடு அதே ஷொப்பிங் சென்ரருக்குப் போனேன். சென்னைக்காரி, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியில் பழக்கம். பூசணிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது தூரத்தில் ஒரு நெட்டை உருவம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ட்ரொலியில் தொங்கிக்கொண்டு ஒரு பெடியன். பக்கத்தில் தாய், முன்பைவிட நரைத்து. நான் பழைய விதிப்படி பூசணிக்காயைப் பார்க்கத் தொடங்கினேன்.

"அன்ரி!"

மரக்கறிப் பக்கம் முழுக்கத் திரும்பியது. என்னைப் பூசணிக்காயோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். பிறகு தாயிடம் திரும்பி, இந்த அன்ரிதான் அந்த நாளில் என் காதைப் பார்த்தவ என்றாள்.

தாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கையை நீட்டி, மகளின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். துளை இல்லாத, பிறந்த நாளில் இருந்தபடியே இருக்கிற காது. அந்தக் காதுச் சோணையைப் பெருவிரலால் ஒருமுறை தடவினாள். மகள் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். இந்த மனுசிக்கு எத்தனை வருடமாகத் தெரியும்?

"நல்லாய்த்தான் பாத்திருக்கிறாய்," என்றாள் தாய். மகளின் இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து, பூசணிக்காயை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் குழந்தையைத் தந்தாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குழந்தை என் தோட்டைப் பிடித்து இழுத்தது. ட்ரொலியில் தொங்கிய பெடியன், இது யார் என்று பாட்டியிடம் கேட்டான். எங்கட ஆள் என்றாள் அவள்.

அவர்கள் போனபிறகு கெல்லிவில்காரி என் கையைச் சுரண்டினாள்.

"அக்கா, அந்தப் பொண்ணு காதுல ஓட்டையே இல்லையே. நீங்க என்ன பார்த்தீங்க?"

"இருக்கு," என்றேன். "வடிவாய்ப் பாத்தாத்தான் தெரியும்."